கைமாத்துக் கிருமி

"கிருமியின் பெயர்?" என்று மகராசி கேட்டாள்.

சொல்வதற்கு ஜனனியிடம் பெயர் எதுவும் இல்லை. பக்கத்தில் மகள் இதழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பதினான்கு வயதுப் பெண். பள்ளிச் சீருடை அவள் மேல் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

"நீங்கள் அளித்த மாதிரியில் நோய்க்கிருமி எதுவும் கண்டறியப்படவில்லை. இதழினி நலமாக இருக்கிறார். வாழ்த்துகள்."

"நல்லா இருக்கறாளா? ஊட்டுக்கு வந்து எங்க கக்கூஸக் கழுவிப் பாரு, தெரியும்," என்றாள் ஜனனி.

"அடுத்தவர் வரலாம்," என்றாள் மகராசி.

மகராசி என்பது ஊர் ஆஸ்பத்திரியின் பக்கச் சுவரில் பதித்த ஓர் இயந்திரம். மாதிரி டப்பியை வைக்க ஒரு துளை, மருந்து விழ ஒரு தட்டு, முகம் பார்க்க ஒரு கேமரா, அவ்வளவுதான். அரசாங்கம் வைத்த பெயர் 'உயிர்மருந்துக் காப்பகச் சாளரம்'. குரல் பெண் குரலாகவும் அலுங்காத குரலாகவும் இருந்ததால் நாமக்கல் பக்கத்து ஜனங்கள் அதற்கு மகராசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லும்போதும் வாழ்த்தித்தான் அனுப்புவாள்.

மகராசி ஏன் வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் சளிக்கும் தும்மலுக்கும் நாம் ஆன்டிபயாடிக்கை அள்ளி விழுங்கினோம். டாக்டர் எழுதித் தராவிட்டால் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கினோம், காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை ஜன்னலில் போட்டு மறந்தோம். கிருமிகளுக்கு மருந்து பழகிவிட்டது. பல் பிடுங்கப் போனவர்கள் செத்தார்கள், பிரசவத்துக்குப் போனவர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் மிச்சமிருந்த நல்ல மருந்துகளை எல்லாம் ஒரே இடத்தில் பூட்டினார்கள். மாதிரியைக் கொடு, இயந்திரம் கிருமியைப் படிக்கும், கிருமிக்குப் பெயர் இருந்தால் மருந்து விழும். எந்த டாக்டரும் குறுக்கே வர முடியாது. பூட்டியது சரிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. பூட்டியவர்கள் சாவியை ஒரே ஒரு கேள்விக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். என் வயிற்றெரிச்சல் அதில்தான்.

இதழினியின் நோய் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது. குடல் உள்ளுக்குள் புண்ணாகி ரத்தமாகப் போகும். கூடவே ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். டாக்டர் அன்வர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அப்போது எங்கள் ஊருக்கு மகராசி வந்திருக்கவில்லை. வான்கோமைசின் என்ற பழைய மருந்தை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். பெண் எழுந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள். கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே டீச்சருக்குத் தெரியாமல் பாடம் ஒப்பிக்கும் அளவுக்குத் தேறினாள். பிறகு மகராசி வந்தாள், மருந்து நின்றது.

"கிருமி இல்லீன்னா அந்த மருந்து எப்படிங்க சார் கேட்டுச்சு?" என்று ஜனனி டாக்டரிடம் ஒருமுறை கேட்டாள்.

"தெரியலைம்மா. குடல்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கு, எல்லாம் நம்மோட குடித்தனம் பண்றதுதான். அதுல ஏதோ ஒரு கூட்டம் இவளுக்கு ஒத்துக்கல போல. எதுன்னு யாருக்கும் தெரியாது. ஏன் கேக்குதுன்னு தெரியாது, ஆனா கேக்குது."

"அத அவகிட்டச் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். அவளுக்கு 'ஆனா' புரியாதும்மா."

ஜனனிக்கு முட்டைப் பண்ணையில் வேலை. தரம் பிரிப்பது. அங்கே கோழித் தீவனத்தோடு மருந்து கலந்து வரும். அது வேறு வகை, இதழினிக்கு உதவாது. ஆனால் அதுவும் ஆன்டிபயாடிக்தான். ஏற்றுமதித் தொழில் என்று விலக்கு வாங்கியிருந்தார்கள். நோயே இல்லாத கோழிக்கு, இனிமேல் நோய் வந்துவிடக் கூடாதே என்று மருந்து. எந்தக் கோழியிடமும் யாரும் கிருமியின் பெயரைக் கேட்கவில்லை. கூண்டுகளுக்கு நடுவே நடக்கும்போது ஜனனிக்குச் சில நாள் எல்லாக் கோழியையும் திருகிப் போட்டுவிடலாமா என்றிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கௌதம் அவளைத் தேடி வந்தான். போர்வெல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன். அவன் மகனுக்கும் அதே நோய். சுற்றுவட்டாரத்தில் அப்படிப் பிள்ளைகளை வைத்திருந்த ஐந்தாறு குடும்பங்களை ஒரு சங்கமாகச் சேர்த்து வைத்திருந்தான்.

"அக்கா, மகராசிக்கு வேண்டியது ஒரு பேரு. பேரு நம்மகிட்ட இல்ல. ஆனா லோகண்ணன்கிட்ட இருக்குது," என்றான்.

லோகநாதன் லாரி ஓட்டினவர். ஆஸ்பத்திரியில் கால் முறிவுக்குப் படுத்திருந்தபோது அவர் குடலில் சி-டிஃப் என்று ஒரு கிருமி குடியேறிவிட்டது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, மற்றபடி நடமாட்டமாக இருந்ததால் மருந்துக்கென்று போகவில்லை. அந்தக் கிருமிக்கு மகராசி கொடுப்பதும் இதே வான்கோமைசின்தான்.

"அவரு மாதிரிய நம்ம புள்ளையோடதுன்னு வெக்கறதா? அவ கண்டுபுடிக்க மாட்டாளா?"

"மாட்டாளுங்க. மனுசனோட மரபணுவப் படிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு தடை போட்டிருக்குது. கிருமியோடத மட்டுந்தான் படிப்பா. கிருமிக்குத்தான் கோர்ட்டுல வக்கீல் இல்லையே."

இதற்குச் சங்கத்தில் கைமாத்து என்று பெயர். அரிசி, சர்க்கரை கைமாத்து வாங்குவது போல ஒரு டப்பி வாங்கிக்கொள்வது. ஆறப்போடக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்தால் மகராசி ஒதுக்கிவிடுவாள், அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். யார் முறையோ அவர்கள் காலையில் லோகநாதன் வீட்டுக்குப் போவார்கள். வெறுங்கையோடு போவதில்லை. இட்லியோ கம்பஞ்சோறோ தூக்குப்போசியில் போகும்.

முதல் முறை டப்பியைக் கையில் வாங்கியபோது ஜனனிக்குக் கூச்சத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. லோகநாதனுக்கு அதைவிடக் கூச்சம்.

"இதுக்கெல்லாம் நன்றி சொல்லாதீங்க அம்மிணி. முப்பது வருசம் லாரி ஓட்டி ஆருக்கு என்ன பண்ணுனேன்? இது ஒண்ணாச்சும் ஆகுதே," என்றார். மனைவி இறந்துபோய், பிள்ளைகளும் இல்லாமல், ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யாராவது காலையில் கதவைத் தட்டுவதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மகராசி டப்பியைப் படித்தாள். பெயர் கிடைத்தது. தட்டில் முதல் குளிகை விழுந்தது. ஒவ்வொரு வேளையும் சாளரத்துக்கு வந்து கேமரா முன்னால் விழுங்க வேண்டும். "வாயைத் திறக்கவும். நாக்கைத் தூக்கவும். நன்றி." இதழினியின் ரத்தப்போக்கு நின்றது. கண்ணில் மஞ்சள் வெளுத்தது. ஒருநாள் அவளாகவே கேட்டு இரண்டு தோசை தின்றாள். அன்றைக்கு ஜனனி சமையலறையில் நின்று அழுதாள்.

ஆனால் மகராசிக்கு அது பத்து நாளில் குணமாகும் கிருமி. கெடு முடிந்ததும் மருந்து நிற்கும். நின்ற சில வாரங்களில் ரத்தம் திரும்பும். திரும்பவும் கைமாத்து வாங்கப் போக வேண்டும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. லோகண்ணனுக்குத் தயிர், மோர் கொடுக்கக் கூடாது. தயிரில் நல்ல கிருமி இருக்கிறது, அது போய்க் கெட்ட கிருமியைத் துரத்திவிட்டால் என்ன செய்வது என்று யாரோ சொன்னார்கள். தயிருக்கெல்லாம் அது அசையாது என்று டாக்டர் அன்வர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாதிரி எங்கிருந்து வருகிறது என்றே தனக்குத் தெரியாததாக அவர் வைத்துக்கொண்டதால் அதையும் சொல்லவில்லை. கெட்ட ஜனங்கள் இல்லை இவர்கள். பண்டிகைக்கு அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தவர்கள். அந்த விதியைப் போட்டபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. ஜனனியும் சுளிக்கவில்லை.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. ஜனனி தன் முறைக்குப் போனபோது லோகநாதன் கட்டிலிலிருந்து எழவில்லை. வீட்டில் வாடை தாங்கவில்லை. வயிறு உப்பியிருந்தது, தொட்டால் நெருப்பாகச் சுட்டது.

"டப்பி அங்க வெச்சிருக்கறனுங்க," என்று கையைக் காட்டினார். "எந்திரிச்சுக் குடுக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க."

"எத்தன நாளா இப்படி இருக்குதுங்கண்ணா?"

"அது கெடக்குது. அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு டம்ளர் மோர் கெடைக்குமா? உப்புப் போட்டு. எல்லாரும் குழம்பும் ரசமுமாக் கொண்டாறாங்க. நானாக் கேக்கறது நல்லா இருக்காதுன்னு உட்டுட்டேன்."

ஜனனி தூக்குப்போசியைத் திறந்தாள். உள்ளே பச்சைப்புளி ரசம். மூடியைக் கை தவறிக் கீழே போட்டாள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தவள் சிறிது நேரம் நிமிரவில்லை. பிறகு டப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு கௌதம் வீட்டுக்கு நடந்தாள்.

கௌதம் மகனுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான். "அவரு செத்துப் போயிருவாரு கௌதம்," என்றாள்.

"போன தடவயும் காச்சல் வந்து சரியாச்சுங்களே."

"அவருக்கே அந்த மருந்து பாத்தியப்பட்டதுதான? பேரு இருக்குது, கிருமி இருக்குது. இத்தன நாளா அவர ஏன் கூட்டிட்டுப் போகல நாம?"

கௌதம் சீப்பைக் கீழே வைத்தான். மகனை உள்ளே போகச் சொன்னான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அவருக்குச் சரியாயிட்டா, அடுத்த டப்பி எங்கிருந்துங்க வரும்?"

"வெக்கமாயில்ல உனக்கு?"

"இருக்குதுங்க்கா. போன மாசம் டப்பி வாங்கறப்ப உங்களுக்கு இருந்துச்சுங்களா? இப்பக் கையில ஒண்ணு வெச்சிருக்கறீங்களே, அதக் கீழ போட்டுட்டுப் பேசுங்க."

ஜனனி டப்பியைப் பார்த்தாள். வீட்டில் இதழினிக்கு இரண்டு நாளாக மறுபடியும் ரத்தம் போகிறது. டப்பியைக் கீழே போடவில்லை. நேராக மகராசியிடம் போய் மகள் பெயரில் வைத்தாள். மருந்து விழுந்தது. அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்துக்கொண்டு லோகநாதன் வீட்டுக்குத் திரும்பினாள். அந்த வரிசையை நான் மாற்றி எழுதப் போவதில்லை. நடந்தது அதுதான்.

ஆட்டோக்காரரும் அவளும் கைத்தாங்கலாக அவரைச் சாளரத்துக்கு முன் கொண்டுவந்தார்கள். டாக்டர் அன்வர் உள்ளேயிருந்து ஓடி வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கே சொல்லிவிட்டது. லோகநாதன் தன் பெயரில் தன் மாதிரியை முதல்முறையாக வைத்தார்.

மகராசி வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கிருமி கண்டறியப்பட்டது. இந்தக் கிருமி இனத்துக்கு வான்கோமைசின் பயன் தராது. இந்த ஊரில் இதே இனத்துக்குப் பலமுறை மருந்து கொடுத்தும், ஒவ்வொரு முறையும் நோயாளிகளிடம் அது திரும்பியுள்ளது. இன்று முதல் இந்த இனத்துக்குப் புதிதாக மருந்து வழங்கப்படாது. மருந்தைக் காக்க ஒத்துழைத்தமைக்கு நன்றி."

"என்ன சொல்றா இவ?" என்றாள் ஜனனி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம சொல்லிக் குடுத்ததத்தான் சொல்றா. ஒரே கிருமி, வேற வேற பேருல, திரும்பத் திரும்ப வந்திருக்கு. மருந்து குடுத்தும் போகலன்னு கணக்குப் போட்டுட்டா. அது போயிருக்கும்மா. ஒரு தடவ இவருக்குக் குடுத்திருந்தா போயிருக்கும்."

"வேற மருந்து?"

"இருக்கு. நகரத்துல. அதுக்கும் இவதான் அனுமதி தரணும். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடலாம், ஆள் வந்து பாக்கறதுக்குள்ள..." அவர் லோகநாதனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜனனி கேமராவுக்கு நேராகப் போய் நின்றாள். "ஏய், கேட்டுக்க. நாங்க பொய் சொன்னோம். அத்தனையும் இவரோடது. எம் பொண்ணுக்கு அந்தக் கிருமி இல்ல. எந்தப் புள்ளைக்கும் இல்ல. மருந்துக்கு வழியில்லாமத் திருடுனோம். என்ன வேணா பண்ணிக்க, எம் பொண்ணு மருந்த வேணா நிறுத்திக்க. இவருக்குக் குடு."

"உங்கள் கருத்துக்கு நன்றி. இன்றைய சேவையை எத்தனை நட்சத்திரங்களாக மதிப்பிடுவீர்கள்?"

ஜனனி கையை ஓங்கி அந்தத் தட்டில் அடித்தாள். தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டுதான் வீங்கியது.

லோகநாதனை வார்டில் படுக்க வைத்து குளுகோஸ் ஏற்றினார்கள். மாலை வேளைக் குளிகைக்குப் பள்ளியிலிருந்து நேராக இதழினி வந்தாள். தொடங்கிய மருந்தை மகராசி நடுவில் நிறுத்த மாட்டாள். பாதியில் விட்டால் கிருமி தேறிவிடும் என்பது அவளுக்கு வேதவாக்கு. அம்மாவின் வீங்கிய கையைப் பார்த்து இதழினி என்னவென்று கேட்டாள். ஜனனி எல்லாவற்றையும் சொன்னாள். மோர் விஷயத்தையும் சேர்த்துத்தான் சொன்னாள். இதழினி போய்ச் சாளரத்தில் நின்றாள்.

"வாயைத் திறக்கவும். நாக்கைத் தூக்கவும். நன்றி."

அவள் வார்டுக்குள் போனாள். கட்டிலருகே நின்று, மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுக் குளிகையை எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள்.

"இந்தாங்க மாமா. எச்சிதான், பரவால்லீங்களா?"

"நீ சாப்புடு கண்ணு. உனக்கு வந்தது."

"எனக்கு வந்தது இல்லீங்க மாமா, உங்க பேருக்கு வந்தது. கைமாத்து வாங்குனா திருப்பிக் குடுக்கோணும்ல?"

ஜனனி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். மகளுக்குக் கிடைத்திருந்த கடைசி மருந்து அது.

ஒரு பெண்ணின் ஒருவேளைக் குளிகை போதாது என்று டாக்டருக்குத் தெரியும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னபோது அறையில் இன்னொருவனும் இருந்தான். கௌதம். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. மருந்துக் கெடு இன்னும் முடியாத மகனைக் கையில் பிடித்திருந்தான். அந்தப் பையனின் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

லோகநாதன் பிழைத்துக்கொண்டார். மருந்தெல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து, கோலூன்றி நடக்க ஆரம்பித்தார். ஒருநாள் ஜனனி வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே இதழினி சுருண்டு படுத்திருந்தாள். கண் மறுபடி மஞ்சளாகிவிட்டது.

"அம்மிணி, டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன்," என்றார். "இந்தக் கிருமிதான் ஆவாதாம். வேற இனமா இருந்தா மகராசி ஒத்துக்குவாளாம். சேலம் ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு இருக்குதுன்னு கேள்வி. எனக்குத்தான் ஏற்கனவே ஒடம்பு பழகிருச்சே. போயி அத என் வயித்துல வாங்கிட்டு வந்தர்ரனுங்க. ஆரும் சங்கடப்பட வேண்டாம்."

ஜனனி அவரையே பார்த்தாள். இத்தனை நாளாக மகராசி மேலும், கௌதம் மேலும், கோழிகள் மேலும், தன் மேலும் வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. திட்டுவதற்கு எதிரே இருந்தவர் இந்த மனுஷன்தான்.

"உக்காருங்கண்ணா," என்றாள்.

உள்ளே போய்த் தயிரைக் கடைந்தாள். கல்லுப்பைப் போட்டாள், கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். பெரிய டம்ளர் வழிய வழியக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

"அம்மிணி, நாஞ் சொல்றது..."

"மொதல்ல இதக் குடிங்க. இன்னொரு தடவ அந்தப் பேச்சு எடுத்தீங்கன்னா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் குடித்தார். குடித்து முடிக்கும் வரை நின்றிருந்து, டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினாள்.

மறுநாள் காலை மகராசி முன்னால் வரிசை நீளமாக இருந்தது. முதலில் ஜனனி, அடுத்து கௌதம், பின்னால் சங்கத்துக் குடும்பங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பி, அவரவர் பிள்ளையுடையது. ரத்தம் கலந்து சிவப்பாக இருந்தது. டாக்டர் அன்வர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அவர்களோடு நின்றார். கடைசியில் லோகநாதன் கோலூன்றி நின்றார்.

ஜனனி டப்பியை வைத்தாள்.

"கிருமியின் பெயர்?"

"பேரு இல்ல."

"நோய்க்கிருமி எதுவும் கண்டறியப்படவில்லை. இதழினி நலமாக இருக்கிறார். வாழ்த்துகள். அடுத்தவர் வரலாம்."

ஜனனி நகரவில்லை. டப்பியை எடுத்து மறுபடியும் அதே துளையில் வைத்தாள். பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது, என்ன கூட்டம் என்று கேட்டவர்களும் நின்றுகொண்டார்கள்.

"அடுத்தவர் வரலாம்," என்றாள் மகராசி.

"நாந்தாண்டி அடுத்தவ," என்று ஜனனி மூன்றாவது முறையாக டப்பியை உள்ளே தள்ளினாள்.